ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு!

மாணவ நண்பர்களே, வீட்டுக் கடிகாரத்தின் வினாடி முள்ளைச் சற்று நேரம் பாருங்கள். 'டிக்' என்று ஓர் ஓசை. ஒரு வினாடி போய்விட்டது. இப்போது அந்த ஒரு வினாடியை அறுபது சம பங்குகளாக வெட்டி, அதில் ஒரே ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு முறை கண் சிமிட்டுவதற்கே இதைப் போலக் குறைந்தது ஆறு மடங்கு நேரம் பிடிக்கிறது. இவ்வளவு சிறிய பொழுதைக் காலால் அளந்து மிதிக்க முடியுமா?

முடியும் என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பன்னாட்டுப் போட்டியே நடந்திருக்கிறது. அங்கே வெற்றியையும் தோல்வியையும் பிரிப்பது இந்த அறுபதில் ஒரு பங்குதான்! அது எப்படி என்று பார்ப்போமா?

ஆட வைக்கும் எந்திரம்

1998ஆம் ஆண்டு ஜப்பானின் கொனாமி நிறுவனம் புதுமையான விளையாட்டு எந்திரம் ஒன்றை வெளியிட்டது. அதன் பெயர் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'. காசு போட்டு விளையாடும் கூடங்களில் அதுவரை இருந்த எந்திரங்களில் பெரும்பாலானவை கைக்கு வேலை கொடுத்தவை. இதுவோ காலுக்கு வேலை கொடுத்தது.

எந்திரத்தின் முன்னே உலோக மேடை ஒன்று இருக்கிறது. அதில் முன், பின், இடம், வலம் என்று நான்கு அம்புக்குறிப் பலகைகள். ஒவ்வொரு பலகையின் அடியிலும் விளிம்பை ஒட்டி அழுத்தத்தை உணரும் பட்டைகள் உள்ளன. பாட்டுத் தொடங்கியதும் எதிரே உள்ள திரையில் அம்புக்குறிகள் கீழிருந்து மேலே ஏறி வருகின்றன. உச்சியில் நான்கு அம்புகள் அசையாமல் நிற்கின்றன. ஏறி வரும் அம்பு, நிற்கும் அம்பின் மேல் சரியாகப் பொருந்தும் அதே கணத்தில், அந்தத் திசைப் பலகையை மிதிக்க வேண்டும். அந்தக் கணம் பாட்டின் தாளத்தோடு ஒத்து வரும்.

'இவ்வளவுதானா?' என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

சிபா நகரத்து மேடை

கொனாமி நிறுவனம் தன் எந்திரங்களில் விளையாடுவோருக்காக 2011ஆம் ஆண்டு முதல் ஒரு வாகையர் போட்டியை நடத்தத் தொடங்கியது. ஊர் ஊராக உள்ள விளையாட்டுக் கூடங்களின் எந்திரங்கள் கணினி வலையால் இணைக்கப்பட்டிருப்பதால், முதல் கட்டத்துக்கு யாரும் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. அவரவர் ஊரில் ஆடினால் போதும். மதிப்பெண் தானாகப் பதிவாகிவிடும். ஜப்பான், தென் கொரியா, தைவான், அமெரிக்கா முதலிய இடங்களிலிருந்து தேர்வானவர்கள் இறுதிச் சுற்றில் நேருக்கு நேர் மோதினார்கள். ஏழாவது போட்டியின் இறுதிச் சுற்று 2018 பிப்ரவரியில், டோக்கியோவுக்கு அருகே சிபா நகரில் உள்ள மகுஹாரி மெஸ்ஸே என்னும் பெரிய கண்காட்சி அரங்கில் நடைபெற்றது.

அந்த மேடையில் ஒரே எந்திரத்தின் இரு பக்கங்களிலும் இருவர் ஏறி நிற்பார்கள். இருவருக்கும் ஒரே பாட்டு, ஒரே அம்புகள். பாட்டு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இத்தனை மாதப் பயிற்சியும் கடல் கடந்த பயணமும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பலன் தர வேண்டும். வழுக்கினேன், மறந்தேன் என்று சொல்ல அங்கே இடமில்லை.

பத்து மதிப்பெண் வேறுபாடு

2016இல் வெளிவந்த 'டிடிஆர் ஏ' என்னும் பதிப்பின் மதிப்பெண் முறையைப் பாருங்கள். முழு மதிப்பெண் 10,00,000. ஒரு பாட்டில் 500 அடிகள் இருந்தால், ஓர் அடிக்கு 2,000 மதிப்பெண்.

சரியான கணத்துக்கு முன்போ பின்போ சுமார் 17 மில்லி வினாடிக்குள் மிதித்தால் 'மார்வெலஸ்' என்ற உயர்ந்த தரம். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லி வினாடி என்பது உங்களுக்குத் தெரியும். 1,000ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள்: 16.7 வரும். திரையில் வினாடிக்கு 60 படங்கள் மாறுகின்றன. ஒரு படம் நிற்கும் நேரமே இது. சுமார் 33 மில்லி வினாடிக்குள் மிதித்தால் அடுத்த தரமான 'பெர்ஃபெக்ட்' கிடைக்கும். இதற்கு 10 மதிப்பெண் குறையும். இன்னும் தவறினால் இழப்பு பல மடங்காகப் பெருகும்.

இறுதிச் சுற்றுக்கு வருகிறவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். இருவருமே ஓர் அடிகூடத் தவறாமல் ஆடிவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் 12 அடிகளில் 'பெர்ஃபெக்ட்' பெற்றால் அவர் மதிப்பெண் 9,99,880. மற்றவர் 13 அடிகளில் பெற்றால் 9,99,870. ஐந்நூறு அடிகளில் ஒரே ஓர் அடி, சில மில்லி வினாடி பிந்திய குற்றத்துக்காக, வெற்றியாளரை மாற்றிவிடும்!

பார்த்து மிதித்தால் தோல்விதான்

இங்கேதான் விஞ்ஞானம் நமக்கு ஒரு புதிர் போடுகிறது. ஒரு விளக்கு எரிவதைக் கண்டவுடன் பொத்தானை அழுத்தச் சொன்னால், நம்மில் பெரும்பாலோருக்கு 200 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். எத்தனை பயிற்சி செய்தாலும் இதை 17 மில்லி வினாடியாகக் குறைக்க எவராலும் இயலாது.

காரணம் நம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. மூளையிலிருந்து புறப்படும் கட்டளை முதுகுத்தண்டு வழியாக இறங்கி, பாதத்தின் தசைகளைச் சேரவே 30 முதல் 40 மில்லி வினாடி ஆகிறது. தசை சுருங்கிப் பாதம் பலகையைத் தொடுவதற்கு மேலும் நேரம் வேண்டும். ஆக, அம்பு வந்து பொருந்தியதைப் பார்த்த பிறகு மிதிக்க நினைப்பவர் ஒவ்வொரு முறையும் தோற்பார்.

அப்படியானால் வெல்கிறவர் என்ன செய்கிறார்? அவர் பார்த்து மிதிப்பதில்லை, எதிர்பார்த்து மிதிக்கிறார். சீரான தாளம் ஒன்றைக் கேட்டவுடன் நம் மூளை அடுத்த அடி எப்போது விழும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. நாம் கையைக் காலை அசைக்காமல் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாலும், அசைவுக்குரிய மூளைப் பகுதிகள் விழித்து வேலை செய்வதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அந்தக் கணக்கின்படி கட்டளை முன்கூட்டியே புறப்படுகிறது. பாதம் பலகையைத் தொடும் கணமும் தாளம் விழும் கணமும் ஒன்றாகின்றன.

இது உங்களுக்கும் புதிதல்ல. இருவர் கயிறு சுழற்ற, நடுவே ஓடிப்போய்த் தாண்டியிருக்கிறீர்களா? கயிறு தரையைத் தொட்ட பிறகா குதித்தீர்கள்? இல்லை. அது வரும் வேளையை அறிந்து முன்னதாகவே எழும்பினீர்கள் அல்லவா? அந்தத் திறமையே இங்கே கூர் தீட்டப்பட்டிருக்கிறது.

வினாடிக்குப் பன்னிரண்டு அடி

கடினமான பாட்டொன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 180 தாளம். அதாவது வினாடிக்கு 3. ஒரு தாளத்துக்கு 4 அம்புகள் வந்தால் வினாடிக்கு 12 அடிகள். ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே 83 மில்லி வினாடிதான்.

இப்போது ஒரு கணக்கு. மூளையின் கட்டளை கீழே போக 40 மில்லி வினாடி. 'பாதம் பலகையைத் தொட்டது' என்ற உணர்வு மேலே திரும்ப ஏறக்குறைய இன்னொரு 40. ஆக, ஓர் அடியின் செய்தி மூளைக்குப் போய்ச் சேரும்போது அடுத்த அடிக்கான கட்டளை எப்போதோ புறப்பட்டிருக்கும்! தவறு நடந்ததைக்கூட அது நடந்து முடிந்த பிறகே ஆட்டக்காரர் அறிகிறார். ஆகவே தேர்ந்தவர்கள் அம்புகளை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பதை விட்டுச் சொல் சொல்லாகப் படிக்கிறீர்களே, அதுபோல நாலைந்து அம்புகளை ஒரே தொகுதியாகப் பார்த்துவிடுகிறார்கள்.

அவர்கள் செய்யும் இன்னொரு காரியம் விந்தையானது. அம்புகள் திரையில் ஏறும் வேகத்தை அவர்களே கூட்டிக்கொள்கிறார்கள்! வேகம் கூடினால் கடினம்தானே என்று தோன்றும். ஆனால் தூரம் = வேகம் × நேரம் என்ற சூத்திரத்தை நினைவுகொள்ளுங்கள். பாட்டின் தாளம் மாறாததால் இரு அம்புகளுக்கு இடைப்பட்ட நேரமும் மாறாது. வேகம் இரு மடங்கானால் அவற்றுக்கு இடையே உள்ள தூரமும் இரு மடங்காகும். நெருக்கியடித்து வந்த அம்புகள் விலகித் தெளிவாகத் தெரியும்.

உடம்பையும் அவர்கள் சிக்கனமாகவே பயன்படுத்துகிறார்கள். புதிதாக ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் காலை மேடையின் நடுவுக்குக் கொண்டுவருவார். தேர்ந்தவர் மிதித்த பலகையிலேயே காலை விட்டுவைப்பார். பாதத்தைச் சிறிதளவே உயர்த்துவார். பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. உடல் எடையின் ஒரு பகுதியைக் கைகள் தாங்குவதால் கால்கள் விரைந்து அசைய முடிகிறது.

ஒலிக்கும் வேகம் உண்டு

மேடையைச் சுற்றி நிற்கும் பார்வையாளர்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. ஒலிபெருக்கியிலிருந்து 6 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்குத் தாளம் வந்து சேர 17 மில்லி வினாடிக்குச் சற்று மேலாகும். ஆட்டக்காரரின் 'மார்வெலஸ்' எல்லையே அவ்வளவுதான்! படத்துக்கும் பாட்டுக்கும் இடையே சிறு பிசகு இருந்தாலும் ஆட்டம் கெடும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

விளையாட்டு வகுப்பில் ஓர் எந்திரம்

இந்த ஆட்டம் போட்டி மேடையோடு நின்றுவிடவில்லை. உட்கார்ந்தபடியே திரையைப் பார்த்துப் பருத்துப்போகும் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் கவலை கொண்டிருந்தது. 2006ஆம் ஆண்டு, தன் 765 அரசுப் பள்ளிகளிலும் இந்த ஆட்டத்தை உடற்பயிற்சிக்காக அறிமுகப்படுத்தும் திட்டத்தை அது அறிவித்தது. எந்தத் திரை பிள்ளைகளை உட்கார வைத்ததோ, அதே போன்ற திரையைக் கொண்டே அவர்களை எழுப்பி ஆட வைக்க நினைத்தார்கள்!

நீங்களே செய்து பாருங்கள்

எந்திரம் இல்லாமலே இந்த விஞ்ஞானத்தை நீங்கள் சோதிக்கலாம். தேவையானவை 30 சென்டிமீட்டர் அளவுகோலும் ஒரு நண்பரும்.

சோதனை 1: நண்பர் அளவுகோலின் மேல் நுனியைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். அதன் சுழிக் குறி உங்கள் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, விரல்களைத் தொடாமல் இருக்கட்டும். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 200 மில்லி வினாடி. 12 செ.மீ. என்றால் சுமார் 156. இது புவியீர்ப்பு நமக்குத் தரும் இலவசக் கடிகாரம்!

சோதனை 2: கண்களை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் சீராகக் கை தட்டட்டும். ஒவ்வொரு தட்டலோடும் சேர்ந்து நீங்கள் காலால் தரையைத் தட்டுங்கள். நாலைந்து தட்டலுக்குள் இரண்டு ஓசையும் ஒன்றாகிவிடும். சீரான தாளத்தோடு சேர்ந்து தட்டும்போது பெரும்பாலோர் அதற்குச் சற்று முன்னதாகவே தட்டிவிடுகிறார்கள் என்றும் கண்டறிந்துள்ளனர். பிறகு நண்பர் தாறுமாறான இடைவெளியில் தட்டட்டும். உங்கள் கால் ஒவ்வொரு முறையும் பிந்துவதைக் கேட்பீர்கள்.

முதல் சோதனையும் இரண்டாவதன் பிற்பகுதியும் உங்கள் உடம்பின் எல்லையைக் காட்டுகின்றன. சீரான தாளமோ அந்த எல்லையை உங்கள் மூளை எப்படித் தாண்டுகிறது என்று காட்டுகிறது. மகுஹாரி மேடையில் நின்றவருக்கும் உங்களுக்கும் நரம்பின் வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு பயிற்சியில்தான். 'எனக்குச் சுறுசுறுப்புப் போதாது' என்று இனி நீங்கள் சொல்லும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு வேகம் போதவில்லையா, அல்லது அடுத்து வருவதை எதிர்பார்க்க நான் இன்னும் பழகவில்லையா?