ஆறும் சூட்டின் கலை

சமையலை நெருப்பின் கலை என்று கூறுவது உலக வழக்கு. அடுப்பை மூட்டுதலும், சூட்டை ஏற்றுதலும், வெந்த பதத்தை அறிதலுமே அடுக்களை அறிவின் எல்லை என்று நினைப்போர் பலர். ஏற்றிய சூடு இறங்கும் வேளையில் உணவுப் பொருளினுள்ளே நிகழும் மாற்றங்களை நோக்குவோர் சிலரே. ஆயின், சில பண்டங்களின் நலமும் அழகும் அவை கொதிக்கும்போது அன்றி, ஆறும்போதே உருவாகின்றன. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது, பிரெஞ்சு நாட்டார் ‘பெற்றி ஃபூர்’ என வழங்கும் சிறு பணியாரம். அதனை வீட்டிலே செய்யும் முறையையும், அம்முறையின் படிகளுக்குரிய காரணங்களையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

பெற்றி ஃபூர் என்பது ஒரே வாயில் உண்ணத்தக்க சிறு பணியாரங்களுக்குப் பொதுப்பெயர். பூச்சின்றி விசுக்கோத்துப் போல உலர்ந்திருப்பவை ஒரு வகை. உப்புச் சுவையுடையவை பிறிதொரு வகை. நாம் இங்கு எடுத்துக்கொண்டது, மென்மையான கேக்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றின்மீது மினுமினுக்கும் சீனிப் பூச்சினை வார்த்து, பூவோ கோடோ இட்டு அழகு செய்யும் வகையாகும். பளபளக்கும் மேனி, நாவிற் பட்டதும் கரையும் பூச்சு, ஈரம் குன்றாத உட்பகுதி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததே சிறந்த பெற்றி ஃபூர்.

இப்பெயரிலேயே நமது பொருளுக்கு ஒரு திறவுகோல் உண்டு. பிரெஞ்சு மொழியில் ‘பெற்றி’ என்பது சிறியது. ‘ஃபூர்’ என்பது போறணை. ஆகவே ‘சிறு போறணை’ என்பதே இதன் நேர்ப்பொருள். பழைய காலத்துப் போறணை செங்கல்லாற் கட்டப்பட்டது. அதனுள் விறகை எரித்துக் கல்லைச் சூடாக்கி, தணலை வெளியே வாரிவிட்டு, கல் தேக்கிவைத்த வெப்பத்தினாலேயே உணவை வேகவைப்பர். முதலிற் கடுஞ்சூட்டிற் பாண் வேகும். சூடு தணியத் தணிய, அடுத்துக் கேக்கும் அதன்பின் சிறு பணியாரங்களும் உள்ளே செல்லும். அந்தத் தணிந்த சூட்டுக்கே சிறு போறணை என்ற பெயர் வழங்கியது என்றும், அச்சூட்டில் வெந்த பண்டங்களுக்குப் பின்னர் அப்பெயரே ஆகிவந்தது என்றும் கூறுவர். நாம் பேசும் ‘போறணை’ என்ற சொல்லும் இதற்கு உறவினதே. இலத்தீன் மொழியின் ‘ஃபூர்ணுசு’ பிரெஞ்சில் ஃபூர் ஆயிற்று. போர்த்துக்கேயத்தில் ‘ஃபோர்ணு’ ஆகி, பாண் என்ற சொல்லைப் போலவே நம் நாட்டு வழக்கினுட் புகுந்தது.

போறணையின் கதை இவ்வாறாக, சீனியின் கதை வேறொரு திசையிலிருந்து வருகின்றது. வடமொழியிற் ‘சர்க்கரா’ என்னும் சொல் பருக்கைக்கல்லையும் மணலையும் குறித்தது. கருப்பஞ்சாற்றிலிருந்து கிடைத்த மணல் போன்ற இனிப்புக்கும் அதுவே பெயராயிற்று. அச்சொல் பாரசீகரையும் அராபியரையும் கடந்து ஐரோப்பிய மொழிகளிற் சென்று தங்கியது. நெடுங்காலம் ஐரோப்பாவிற் சீனி செல்வருக்கே எட்டும் பொருளாயிருந்தது. 1747 ஆம் ஆண்டில் மார்க்கிராஃப் என்னும் யேர்மன் இரசாயன அறிஞர், பீற்றுக் கிழங்கிலும் கரும்பிலுள்ள அதே சீனி உண்டு எனக் கண்டார். 1811 ஆம் ஆண்டில் நெப்போலியன் பீற்றுப் பயிர்ச்செய்கையைப் பெருக்குமாறு ஆணையிட்டான். இவற்றின் பயனாகச் சீனி படிப்படியாக யாவர்க்கும் உரியதாயிற்று. ஒரு காலத்திற் பிரபுக்களின் மேசைக்கே உரியதாயிருந்த சீனிப் பூச்சுக்கு வேண்டிய பொருள் இன்று எந்த வீட்டிலும் உண்டு. வேண்டுவது அதனை ஆளும் அறிவு மட்டுமே.

அவ்வறிவு யாது? சீனி ஒரு பளிங்குப் பொருள். நூறு கிராம் நீர் 20 பாகை சதமவளவிற் சுமார் 200 கிராம் சீனியைக் கரைக்கும். 50 பாகையில் 260 கிராம் வரை கரைக்கும். 100 பாகையில் ஏறத்தாழ 487 கிராமைக் கரைக்கும். ஆதலின் கொதிக்கும் நீரிற் கரைந்த சீனியைக் குளிரவிடின், தான் தாங்கக்கூடிய அளவினும் மிகுந்த சீனியை அந்நீர் ஏந்தி நிற்கும். இதனை மிகை நிரம்பிய கரைசல் என்பர். மிகுதியாயுள்ள சீனி எப்போதேனும் பளிங்காக வெளிப்பட்டே தீரும். அது சில பெரும் பளிங்குகளாக வெளிப்படுமா, எண்ணற்ற நுண்பளிங்குகளாக வெளிப்படுமா என்பதே இங்கு வினா.

இதற்கு விடை கற்கண்டில் உண்டு. பாகில் நூலைத் தொங்கவிட்டு, அசையாமற் பல நாள் வைத்தால், நூலைப் பற்றிய சில பளிங்குகள் மெல்ல மெல்ல வளர்ந்து கற்கண்டாகும். அதே சீனிப் பாகை வற்றக் காய்ச்சி, ஆறவிட்டு, இடைவிடாது கடைந்தால், ஒரே வேளையிற் கோடிக்கணக்கான பளிங்குகள் தோன்றும். எல்லாம் ஒரே பாகிலுள்ள சீனியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருத்தலால் எதுவும் பெரிதாக வளர இயலாது. இவ்வாறு கிடைக்கும் வெண்ணிறக் களியே ‘ஃபொண்டன்’ எனப்படும் பூச்சு. பளிங்கு மில்லிமீற்றரின் 40 இல் ஒரு பங்கிலும் சிறியதாயின் நாக்கு அதனைப் பருக்கையாக உணராது. கல் என்னும் பொருள் தந்த சர்க்கராவைக் கல் என்று நாவறியாதபடி செய்வதே இப்பூச்சின் நுட்பம் எனலாம்.

இனிச் செய்முறைக்கு வருவாம். ஒரு கிலோகிராம் சீனி, 300 மில்லிலீற்றர் நீர், 150 கிராம் குளுக்கோசுப் பாகு ஆகியவற்றை அடிகனத்த பாத்திரத்தில் இட்டு, சீனி முற்றாகக் கரையும் வரை இளஞ்சூட்டிற் கிளறுக. கரைந்தபின் அகப்பையை எடுத்துவிடல் வேண்டும். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய சீனித் துணுக்குகளை நீரில் நனைத்த தூரிகையாற் கழுவி இறக்குக. அவற்றுள் ஒன்று பாகில் விழினும் அதுவே வித்தாகிப் பெரும் பளிங்குகளைத் தோற்றுவிக்கும். குளுக்கோசுப் பாகு கிடையாதவிடத்து ஒரு தேக்கரண்டி தேசிப்புளி சேர்க்கலாம். புளியின் அமிலம் சீனியில் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிரிக்கும். இவ்வினங்கள் சீனிப் பளிங்கின் ஒழுங்கில் அடங்காமல் இடையே நின்று அதன் வளர்ச்சியைத் தடுக்கும்.

பாகு 115 பாகையை அடைந்ததும் உடனே இறக்குக. வெப்பமானி இல்லாத வீட்டார் கவலையுற வேண்டியதில்லை. ஒரு துளிப் பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு விரலால் உருட்டின், மெத்தென்ற உருண்டையாகத் திரளுதல் வேண்டும். நம் தாய்மார் கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்று வழங்கும் சொற்கள் யாவும், பாகில் எஞ்சியுள்ள நீரின் அளவை அறியும் அளவைகளே. வெப்பமானி எண்ணாற் சொல்வதை அவர்கள் விரலாற் சொன்னார்கள்.

அடுத்து வருவதே இக்கலையின் உயிர்நிலை. நீர் தெளித்த சலவைக்கல்லின் மேலோ, அகன்ற தட்டிலோ பாகை ஊற்றி, மேலேயும் சிறிது நீர் தெளித்து, சுமார் 45 பாகைக்கு ஆறும் வரை தொடாது விடுக. புறங்கையால் தொட்டாற் சுடாமல் வெதுவெதுப்பாயிருத்தல் அதற்கு அடையாளம். பொறுமையிழந்து சூட்டோடு கிளறினால், மிகை நிரம்பல் குறைவாயிருத்தலின் சில பளிங்குகளே தோன்றும். பாகு நெகிழ்ந்திருத்தலின் அவை விரைந்து பெருக்கும். பூச்சு மணல் போலாகிவிடும். ஆறிய பாகோ தடித்தும் மிகுதியாக நிரம்பியும் இருக்கும். அதனை மரக்கரண்டியாற் புரட்டிப் புரட்டிக் கடைய, முதலிற் கலங்கி, பின்னர் வெளுத்து, இறுதியிற் கெட்டிக் களியாகும். வெண்மை புதிதாகச் சேர்ந்த நிறமன்று. எண்ணற்ற பளிங்கு முகங்கள் ஒளியைச் சிதறவிடுவதன் விளைவே அது. தெளிந்த கற்கண்டும் பொடியாக்கினால் வெளுத்தல் காண்க. இக்களியை நன்றாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி, ஓரிரவு வைத்தல் நன்று. அப்போது அது இளகிப் பதப்படும்.

கேக்கிற்கு நான்கு முட்டையையும் 120 கிராம் சீனியையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து வெதுவெதுப்பாகும் வரை அடித்து, பின் இறக்கி, மும்மடங்காகப் பொங்கும் வரை மேலும் அடிக்க வேண்டும். 120 கிராம் கோதுமை மாவை அரித்துத் தூவி, 40 கிராம் உருக்கிய பட்டருடன் மெல்லக் கலக்குக. இதனை 40 சதமமீற்றர் நீளமும் 30 சதமமீற்றர் அகலமும் உள்ள, எண்ணெய்த்தாள் விரித்த தட்டிற் பரப்பி, 180 பாகையில் 10 முதல் 12 நிமிடம் வரை வேகவிடுக. முட்டையை விலக்குவோர் முட்டையில்லாக் கேக்கையே பயன்படுத்தலாம். ஃபொண்டனில் முட்டையுமில்லை, கொழுப்புமில்லை.

ஆறிய கேக்கை இரு சமபாதிகளாக வெட்டி, இடையே ஜாம் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குக. மேலேயும் சூடான ஜாமை மெல்லியதாகப் பூசி, வாதுமைப் பருப்பையும் சீனித்தூளையும் அரைத்துச் செய்த களியைத் தாள்போல் தேய்த்து விரிக்க. வாதுமைக்குப் பதிலாக மரமுந்திரிகைப் பருப்பைக் கொள்ளும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. இவை சுவைக்காக மட்டும் இடப்படுவன அல்ல. கேக் நுண்துளைகள் நிறைந்தது. பூச்சின் நீரை உறிஞ்சி அதன் ஒளியைக் கெடுக்கும். ஜாமும் பருப்புக் களியும் அத்துளைகளை அடைத்து, மேற்பரப்பையும் சமமாக்கும். பின்னர் ஒரு பலகையை வைத்துச் சிறிது பாரமேற்றி, குளிர்சாதனப் பெட்டியிற் சில மணிநேரம் வைத்தால் துண்டுகள் உதிராமல் வெட்டப்படும். ஓரங்களை நீக்கி, மூன்று சதமமீற்றர்ச் சதுரங்களாக வெட்டின் ஏறத்தாழ ஐம்பது துண்டுகள் கிடைக்கும். பூச்சிடுமுன் அவற்றை மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிடுக. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி; குளிர்ந்த துண்டின்மேல் நீர் வியர்த்துப் பூச்சு வழுகிவிடும்.

பூச்சிடும் நாளில், வேண்டிய அளவு ஃபொண்டனை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து மெல்லக் கிளறி இளக்குக. 38 முதல் 40 பாகை வரையே சூடாக்கலாம். அது நமது உடற்சூட்டினை ஒட்டியது. ஆகையால் ஒரு துளியை உதட்டில் வைத்தால் மிகச் சிறிதளவே வெதுவெதுப்புத் தோன்றும். தடிப்பாயிருப்பின் சூட்டைக் கூட்டாது, நீரும் சீனியும் சேர்த்துக் காய்ச்சிய மெல்லிய பாகைச் சிறிது சிறிதாகச் சேர்க்குக. சூட்டைக் கூட்டினால் நுண்பளிங்குகள் கரைந்துபோகும்; மீண்டும் ஆறும்போது அவை பெரும் பளிங்குகளாகப் பிறக்கும்; பூச்சு மங்கிக் கரடாகும். துண்டுகளைக் கம்பித் தட்டின்மேல் இடைவெளி விட்டு அடுக்கி, மேலிருந்து நடுவில் ஊற்றின், பூச்சு நாற்புறமும் வழிந்து தானே மூடிக்கொள்ளும். கீழே வழிந்ததைக் கேக்குத் துகள் நீக்கி மீண்டும் இளக்கிப் பயன்படுத்தலாம்.

ஏறத்தாழப் பூச்சு இறுகியதும் உருக்கிய சொக்கலேற்றால் நூல்போலக் கோடிடலாம். சீனிப் பூவோ, பிளந்த பருப்போ வைக்கலாம். நிறமூட்டுவதாயின் இளநிறமே ஏற்றது. அலங்காரம் மிகுந்தால் ஒளிரும் மேனி மறைந்துபோம். ஒரு துண்டுக்கு ஓர் அணி போதுமானது.

பிழைகளையும் இந்நோக்கில் ஆராய்ந்தால் அவை அஞ்சத்தக்கன அல்ல. பூச்சு மணல் போலிருப்பின், பாகு ஆறுமுன் கிளறப்பட்டது அல்லது சுவரிலிருந்த துணுக்கு வீழ்ந்தது. மங்கியிருப்பின், இளக்குகையிற் சூடு மிகுந்தது அல்லது கேக்கின் மேற்பரப்பு அடைபடவில்லை. இறுகாதிருப்பின், பாகு உரிய பதத்தை எட்டவில்லை அல்லது காற்றின் ஈரம் மிகுதி. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் அறிந்தவர்க்கு அடுத்த முயற்சியே தக்க பரிகாரம். கரடாகிய ஃபொண்டனும் வீணன்று. அதனை நீர் சேர்த்து மீண்டும் கரைத்துக் காய்ச்சின், சீனி முன்போலப் புதிதாகப் பணிசெய்யும்.

இரசாயனக் கூடத்திற் கரைசலையும் பளிங்கையும் கற்கும் மாணவன், அவை தன் வீட்டு அடுக்களையிலும் நிகழ்கின்றன என்பதைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. பாகின் பதத்தைப் பிழையின்றி அறியும் தாயோ, தான் கையாள்வது விஞ்ஞானம் என்று எண்ணுவதில்லை. ஒரே அறிவு இரண்டு இடங்களில் ஒன்றையொன்று அறியாது வாழ்கின்றது. நூலறிவு கைப்பழக்கத்திற்குக் காரணத்தைச் சொல்லும். கைப்பழக்கம் நூலறிவுக்குச் சான்று தரும். அவ்விரண்டும் ஓர் அடுப்பின் முன் கூடினால் கல்வி முழுமை பெறும். நெருப்பு மூட்டத் தெரிந்தவர் பலர். ஆறும் வரை காத்திருக்கத் தெரிந்தவரே பாகை வென்றவர்.