கரையும் கரை – 11: சேற்றுக்கு ஒரு படல்

கருங்கல்லைக் கொட்டினால் கடல் நின்றுவிடும் என்ற நம்பிக்கை மணற்கரைகளில் எப்படிப் பொய்த்தது என்று சென்ற வாரம் பார்த்தோம். சேற்றுக்கரையில் அந்த நம்பிக்கை இன்னும் மோசமாக ஏமாற்றுகிறது. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், செமராங் நகருக்குக் கிழக்கே இருக்கும் டெமாக் மாவட்ட மக்கள் அதைத் தங்கள் வீட்டு வாசலிலேயே கண்டவர்கள்.

1980களில் இறாலுக்கு நல்ல விலை இருந்தது. கரையோர அலையாத்திக் காடுகளை வெட்டிக் குட்டை போட்டார்கள். சில காலம் பணம் புழங்கியது. பிறகு வரப்புகள் ஒவ்வொன்றாக உடைந்தன. குட்டையும் குட்டையும் சேர்ந்து கடலாயின. பெடோனோ கிராமத்தில் குடியிருப்புகளே காலியாயின. டிம்புல்ஸ்லோகோவில் போக இடமில்லாதவர்கள் வீட்டுத் தரையை உயர்த்திக்கொண்டே போகிறார்கள். கூரை இருந்த இடத்தில் இருக்க, தரை மட்டும் ஏறுவதால் சொந்த வீட்டுக்குள்ளேயே குனிந்து நடக்க வேண்டிய நிலை. தெரு இருந்த இடத்தில் பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள். இடுகாட்டையும் நீர் சூழ்ந்தபோது, மண் கொண்டுவந்து கொட்டி அதையும் மேடாக்கினார்கள்.

சேற்றுக்கரை ஒரு வரவு செலவுக் கணக்கில் நிற்கிறது. ஓதம் ஏறும்போது கலங்கல் நீர் சேற்றைக் கொண்டுவரும். இறங்கும்போது கொஞ்சம் அள்ளிப்போகும். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களுக்கு நடுவே புகுந்த நீர் வேகம் இழந்து, சுமந்துவந்த சேற்றை இறக்கிவிட்டுத் திரும்பும். காடு இருந்தவரை வரவு அதிகம். காடு போனதும் செலவு மட்டுமே மிஞ்சியது. அந்த இடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பினால், மோதித் திரும்பும் அலை சுவரின் காலடிச் சேற்றையே தோண்டி எடுக்கும். சுவருக்கு முன்னால் கடல் ஆழமாகும். ஆழம் கூடினால் அடுத்து வரும் அலை இன்னும் பெரிதாக வரும்.

சரி, மரத்தை மறுபடி நட்டால் போதாதா? இதைத்தான் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அமைச்சர் ஒரு கன்று, மாணவர்கள் ஆளுக்கொரு கன்று, ஒரு புகைப்படம். பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் பெரும்பணம் செலவிட்டு நட்ட கன்றுகளில் நீண்டநாள் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான். பெரும்பாலும் நட்டது சுரபுன்னை என்ற அலையாத்தி வகை. நட்ட இடம், அது வளரவே முடியாத தாழ்ந்த சேற்றுவெளி. எந்நேரமும் நீரில் மூழ்கிக் கிடக்கும் கன்றுக்கு மூச்சு ஏது? நம் பிச்சாவரத்திலும் பாடம் இதுவே. மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் நிலம் குழிந்து, உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, உப்பேறிக் கிடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் முதலில் செய்தது மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி ஓதநீரை உள்ளே வரவிட்டதுதான். கன்றுகள் அதன் பிறகே வேர்பிடித்தன.

டெமாக்கில் குறை நீரில் இல்லை, சேற்றில். 2015இல் இந்தோனேசிய அரசும் வெட்லேண்ட்ஸ் இன்டர்நேஷனல் உள்ளிட்ட அமைப்புகளும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து 20 கி.மீ. கரையில் வேலை தொடங்கின. செய்தது, நெதர்லாந்து, ஜெர்மனி கடலோரங்களில் நெடுங்காலமாகப் பழகிவந்த முறை. ஆழமில்லாத கடலில் இரண்டு வரிசையாகக் கம்பம் ஊன்றி, நடுவே சுள்ளிக் கட்டுகளை அடைத்து இறுக்கிக் கட்டுவார்கள். நம்மூர் வேலிப்படல் போன்றதுதான். சுவர் அலையைத் திருப்பி அடிக்கும். படல் அதை உள்ளே விட்டு அடக்கும். படலுக்குப் பின்னால் நீர் அமைதியானதும் சேறு படியும். படுகை போதிய அளவு உயர்ந்தபின் வெண்கண்டல் என்ற அலையாத்தியின் விதைகள் தாமாகவே மிதந்துவந்து முளைக்கும். யாரும் நட வேண்டியதில்லை.

ஆற்றோரத்திலும் மரம் வளர இடம்விடக் குட்டைக்காரர்களைச் சம்மதிக்க வைத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆற்றோரத்துக் குட்டையின் ஒரு பகுதியை மரத்துக்கு விடச் சொன்னால் எந்த விவசாயி விடுவார்? அதனால் கரையோரத்திலேயே பயிற்சிப் பள்ளி நடத்தினார்கள். அங்கே குட்டைக்காரர்கள் பருவம் முழுக்கக் குட்டையைக் கவனிக்கவும், கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு இயற்கை உரம் தயாரிக்கவும் கற்றார்கள். மிஞ்சிய குட்டையில் இறாலும் பால்கெண்டையும் முன்பைவிட நன்றாக விளைந்தன. இழப்பீட்டை மட்டுமே நம்பிய சம்மதமாக இருந்திருந்தால், அது பணம் தீரும்வரைதான் நின்றிருக்கும். 2022இல் ஐ.நா. இம்முயற்சியை உலகின் முதல் 10 முன்னோடி மீட்புத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது.

ஆனால், படலுக்கு ஆயுள் குறைவு. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு கம்பங்களை அரித்தது. சுள்ளிக் கட்டுகள் அலையில் கழன்று போயின. ஆள் இறங்கி அடிக்கடி பழுது பார்க்காவிட்டால் படல் நிற்காது. இதைக்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வேறொன்று. உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. இக்கரையின் சில பகுதிகளிலோ நிலம் ஆண்டுக்கு 8 செ.மீ. அளவுக்கும் அதற்கு மேலும் தாழ்கிறது. இளம் வண்டல் மண் அது, இயல்பாகவே அமுங்கும். அதற்கு மேல் செமராங்கைச் சுற்றியுள்ள ஆலைகளும் குடியிருப்புகளும் ஆழத்து நீரை உறிஞ்சுகின்றன. ஓதம் கொண்டுவரும் சேறு எவ்வளவு படிந்தாலும், தாழும் நிலத்தோடு அது போட்டிபோட முடிவதில்லை. துளிர்த்த கண்டல் சில இடங்களில் மறுபடி மூழ்கியது.

இறால் குட்டைக்காக மரம் வெட்டிய தவற்றை டெமாக் மக்கள் தங்கள் உழைப்பாலேயே சரிசெய்ய முயன்றார்கள். ஆழ்துளைக் கிணறுகளுக்கு உரிமம் கொடுப்பது அவர்கள் கையில் இல்லை. கிணறுகளைக் கட்டுப்படுத்த முடிந்தவர்கள் அதைச் செய்த இடமும் உண்டு. டோக்கியோவில் 1960களிலும் 70களிலும் நிலத்தடி நீர் எடுப்பதைச் சட்டம் போட்டு இறுக்கியபின், நிலம் தாழ்வது ஏறக்குறைய நின்றேவிட்டது. செமராங் ஆலைகளுக்கு ஆற்றுநீரைக் குழாயில் கொடுத்துக் கிணறுகளை மூடவைத்தால், டெமாக்கில் படலுக்குப் பின்னால் படியும் சேறு மேடாகி நிற்க அவகாசம் கிடைக்கும்.