நேபாள எல்லையைக் கடக்கும் யாத்திரிகர்களுக்கு

காசிக்கும் கயைக்கும் செல்லும் தமிழ் யாத்திரிகர்களில் பலர், இவ்வளவு தூரம் வந்த பின் நேபாளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவோம் என்று கிளம்புகிறார்கள். கோரக்பூரிலிருந்து ஸோனௌலி வழியாகப் புத்தர் பிறந்த லும்பினிக்குச் செல்வோர் உண்டு. ஜயநகரத்தில் ரயிலேறி, ஜானகி பிறந்த ஊர் என்று போற்றப்படும் ஜனக்பூருக்குச் செல்வோரும், ரக்ஸௌல் வழியாகப் பசுபதிநாதர் சன்னிதியை அடைவோரும் உண்டு. உடல் வலிவுள்ளவர்கள், நூற்றெட்டுத் திருப்பதிகளில் சாளக்கிராமமாக வைஷ்ணவர்கள் கொண்டாடும் முக்திநாத் வரை மலை ஏறுகிறார்கள். "அங்கே பாஸ்போர்ட் வேண்டாம், விஸா வேண்டாம், நம் ஊர்ச் சந்தைக்குப் போவது போலப் போய் வரலாம்" என்று முன்னே சென்று வந்தவர்கள் இவர்களுக்குத் தைரியம் சொல்லி அனுப்புகிறார்கள். விஸா வேண்டாம் என்பது மெய்யே. ஆனால் சந்தைக்குப் போவது போல என்பதுதான் பல யாத்திரிகர்களைச் சங்கடத்தில் மாட்டி வைக்கிறது.

இந்த எல்லையின் நீளம் 1,751 கிலோமீட்டர். உத்தராகண்டம், உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம், சிக்கிம் ஆகிய ஐந்து ராஜ்யங்களைத் தொட்டுச் செல்கிறது. 1816-ல் உறுதி செய்யப்பட்ட ஸுகௌலி உடன்படிக்கையை ஒட்டி வரையப்பட்ட இந்தக் கோட்டின் பெரும்பகுதியில் வேலி கிடையாது. இரு பக்க வயல்களுக்கும் நடுவே விடப்பட்ட ஒரு குறுகிய வெற்றுநிலத் துண்டைத் 'தசகஜா' என்று, அதாவது பத்துக் கஜம் என்று, அவ்வூரார் அழைக்கிறார்கள். தசகஜாவின் இப்புறம் பெண் கொடுத்து அப்புறம் பெண் எடுக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. 1950-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி கையெழுத்தான இந்திய - நேபாள சமாதான, நட்புறவு உடன்படிக்கையின் ஏழாவது ஷரத்து, ஒரு தேசத்தின் பிரஜைகளுக்கு மற்றத் தேசத்தில் வாசம், சொத்துடைமை, வியாபாரம், நடமாட்டம் முதலிய விஷயங்களில் பரஸ்பரம் சலுகைகளை அளிக்கிறது. சட்டக் கண்ணோடு படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லையைக் கடப்பவன் தான் யார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்று அந்த ஷரத்து எங்கும் கூறவில்லை.

நிரூபிக்க ஏற்ற பத்திரங்கள் இரண்டு: செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது தேர்தல் கமிஷன் வழங்கிய வாக்காளர் அட்டை. நம்மவர் பையில் எப்போதும் இருப்பதோ ஆதார் அட்டை. 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மட்டும் அது போதும் என்று 2019 ஜனவரியில் இந்திய சர்க்கார் தெளிவுபடுத்தினார்கள். 15 முதல் 18 வயது வரையுள்ள மாணவர்களுக்குப் பள்ளித் தலைமையாசிரியரின் அத்தாட்சி ஏற்கப்படும். நாற்பது வயதுக் குடும்பஸ்தர் ஆதாரை மட்டும் நம்பிப் புறப்படுவது புத்திசாலித்தனமல்ல.

"எல்லையில் ஒருவரும் கேட்பதில்லையே!" என்று சிலர் நகைப்பார்கள். தரை வழியில் பல சமயம் கேட்காமல் விடுவது வாஸ்தவந்தான். ஆனால் பத்திரம் வாயிற்காவலனுக்காக அல்ல. காரியம் கெட்டுப் போகும் நாளுக்காக. பஸ் கவிழ்ந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும், பை களவு போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும்போதும், திரும்புவதற்கு விமானத்தில் ஏற நேரும்போதும், தான் இந்தியப் பிரஜை என்று காட்ட முடியாதவனுக்கு உடன்படிக்கையின் ஒரு ஷரத்தும் கைகொடுக்காது. பத்திரத்தின் நகல் ஒன்றைத் துணைவரின் பையில் தனியாக வைத்திருப்பதும் நலம்.

அடுத்தது பணம். 1993 முதல் நூறு இந்திய ரூபாய்க்கு நூற்றறுபது நேபாள ரூபாய் என்பது நிலைத்த விகிதம். ஆகையால் எல்லையில் தரகனிடம் பேரம் பேசவே வேண்டியதில்லை. 160-க்குக் குறைத்துக் கொடுப்பவன் தன் கூலியை எடுத்துக் கொள்கிறான், அவ்வளவே. எல்லையோரக் கடைகளில் இரு நாணயமும் செல்லும். அங்கேதான் ஏமாற்றமும் பிறக்கிறது. ரிக்ஷாக்காரன் "முந்நூறு" என்றால் எந்த ரூபாயில் முந்நூறு? "ஐசியா, என்சியா?" என்று கேட்பது அவ்விடத்து வழக்கம். ஐசி இந்திய நாணயம். என்சி நேபாள நாணயம். இந்தக் கேள்வியை ஏறுவதற்கு முன் கேட்டவன் 300 என்சி தருவான். இறங்கிய பின் கேட்பவன் 300 ஐசி, அதாவது 480 என்சி, அழுதுவிட்டுப் போவான்.

நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை வைத்திருப்பதும் கொடுக்கல் வாங்கல் செய்வதும் கூடாதென்று 2018 டிசம்பரில் நேபாள சர்க்கார் அறிவித்தார்கள். அதன் பின்னணி நம் தேசத்தில் இருக்கிறது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென இந்தியா அறிவித்தபோது, அவற்றைச் சேமித்து வைத்திருந்த நேபாள ஏழைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி கிடைக்கவில்லை. நம் சர்க்காரின் காகிதத்தை நம்பியவர்கள் நஷ்டமடைந்தார்கள். பெரிய நோட்டைக் கண்டால் முகம் சுளிக்கும் நேபாளக் கடைக்காரனைக் கோபிக்குமுன் இதை நம்மவர் நினைத்துப் பார்க்கட்டும். பெரிய நோட்டுகளைப் பற்றிய விதிகள் மாறும் இயல்புடையவை. நூறு ரூபாய் நோட்டுக் கட்டோடு செல்பவனுக்கு வழக்கே இல்லை. கைபேசி மூலம் பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறை 2024 மார்ச் முதல் நேபாளக் கடைகளிலும் தொடங்கியிருக்கிறது. ஆனால் வெளிநாட்டு இணைப்பு வாங்காத இந்திய ஸிம், எல்லை தாண்டிச் சில மைல்களில் மௌனமாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

சொந்த மோட்டாரில் போகிறவர்கள் 'பன்ஸார்' எனப்படும் நேபாளச் சுங்கச் சாவடியில், தங்கப்போகும் நாட்களுக்கு உரிய கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திச் சீட்டுப் பெற வேண்டும். இரண்டு நாளுக்குக் கட்டிவிட்டு மூன்றாம் நாள் வரை இருந்துவிடுவது பெரும் பிழை. அபராதம் கட்டணத்தைப் போல் பன்மடங்காகும். எந்தச் சாவடியிலும் ரஸீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ரஸீது கேட்டதும் தொகை குறைகிறதென்றால், முதலில் கேட்ட தொகை எதற்காக என்பது சொல்லாமலே விளங்கும்.

சுங்கம் என்றவுடன் ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தியாவில் வாங்கி வரும் பொருளின் மதிப்பு நூறு நேபாள ரூபாயைத் தாண்டினால் தீர்வை உண்டு என்ற விதி, 2023-ல் எல்லையெங்கும் கடுமையாக அமல் செய்யப்பட்டது. நூறு என்சி என்பது நம் கணக்கில் அறுபத்திரண்டரை ரூபாய்! இரண்டு கிலோ சர்க்கரையும் ஒரு ரவிக்கைத் துணியும் வாங்கிக் கொண்டு நடந்து திரும்பும் கிராமத்துப் பெண் சுங்கச் சாவடியில் நிறுத்தப்பட்டாள். மாதேசத்து ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். கள்ளக் கடத்தலைத் தடுப்பது எந்த சர்க்காருக்கும் உரிய காரியமே. லாரியில் கடத்துபவனை விட்டுத் தலைச்சுமைக்காரியைப் பிடிப்பது நிர்வாகம் ஆகாது. அத்தகைய இடத்தில் வெளியூர் யாத்திரிகன் செய்யத் தகாத காரியம் ஒன்று உண்டு: எவரோ கெஞ்சினார் என்று அவருடைய மூட்டையைத் தன் மூட்டையாகச் சொல்லி எடுத்துச் செல்வது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவன் அறியான். சட்டம் அவனைத்தான் கேட்கும்.

இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் நம் உறவினர்களுக்கு இந்த எல்லை திறந்த எல்லை அல்ல. அவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் நேபாள விஸாவும் கட்டாயம். விஸாவை முக்கியமான எல்லை நிலையங்களிலேயே பெறலாம்: பொதுக் கட்டணம் 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர்; ஸார்க் தேசத்தாருக்கு வருஷத்தில் முதல் தடவை 30 நாள் வரை இலவசம். எல்லைக் கடைவீதி நெரிசலில் இந்தியக் குடிநுழைவுக் காரியாலயம் எளிதில் கண்ணில் படாது; வெளியேறும் முத்திரை பெறாமல் அப்புறம் சென்றவர் திரும்பி நடக்க வேண்டியதுதான். மறுபடி இந்தியாவுக்குள் நுழைய அவர்களுடைய இந்திய விஸா இடம் கொடுக்கிறதா என்று கிளம்புமுன்பே பார்த்துவிட வேண்டும். ஜயநகரம் - ஜனக்பூர் ரயிலில் இந்தியர், நேபாளியரைத் தவிர வேறு தேசத்தாருக்கு இடமில்லை.

தனியாகவோ அறிமுகமில்லாத ஆடவனுடனோ எல்லையைக் கடக்கும் இளம் பெண்களைப் போலீஸாரும், 1993-ல் தொடங்கிய 'மைத்தி நேபாள்' போன்ற ஸ்தாபனங்களின் பெண் ஊழியர்களும் நிறுத்தி விசாரிப்பதுண்டு. பெண்களை விலைக்கு விற்கும் பாதகர் நடமாடும் வழி இது. நம் வீட்டுப் பெண்ணிடம் அவர்கள் நாலு கேள்வி கேட்டால் அதை அவமானமாகக் கருதிச் சண்டையிட வேண்டாம்.

திறந்த எல்லை திடீரென்று மூடவும் கூடும். 2015 செப்டம்பர் முதல் சில மாதங்கள் சரக்குப் போக்குவரத்து தடைப்பட்டது. 2020 மார்ச்சில் தொற்று நோயை முன்னிட்டு அடைத்தபோது, ஊர் திரும்பிய நேபாளத் தொழிலாளர் சிலர் மகாகாளி நதியை நீந்திக் கடந்தார்கள். 2025 செப்டம்பரில் காட்மாண்டில் கிளர்ச்சி மூண்டு மந்திரிசபை வீழ்ந்தபோது இந்திய யாத்திரிகர் பலர் அங்கங்கே நின்று போனார்கள். இவை முன்னறிய முடியாதவை. ஆனால் எல்லை ஜில்லாக்களில் வாக்குப்பதிவுக்கு முன் இரண்டு மூன்று நாள் எல்லையை அடைப்பது வழக்கம். பத்திரிகை படிப்பவர் இதை அறிந்து தேதி குறிக்கலாம்.

நேபாளத்துக் கடிகாரம் நம்முடையதைவிடக் கால் மணி முந்தியது. அங்கே வார விடுமுறை நாள் சனிக்கிழமை. திரும்பும் ரயிலை எல்லையைக் கடக்கும் அன்றே பிடிப்பதாக வைத்துக்கொள்ளாமல், ஓர் இரவு இப்புறம் தங்கி மறுநாள் ஏறுவதாகச் சீட்டு வாங்குங்கள். எது நேர்ந்தாலும் முறையிட பீர்கஞ்சில் இந்தியக் கான்ஸலேட்டும் காட்மாண்டில் லைன்சௌர் பகுதியில் இந்தியத் தூதராலயமும் இருக்கின்றன. இரண்டின் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் புறப்படுமுன் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.