ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரை நாள்

நாம ஸ்ரீவில்லிபுத்தூர் போறதே துணி எடுக்கவும் பஸ் மாறவும்தான். அடுத்த தடவை அரை நாள் கூட இருந்து பாருங்க.

ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்துக்கு 11 நிலை. எல்லாரும் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பாங்க. எனக்குப் பிடிச்சது ஆண்டாள் கையில இருக்கிற கிளி. தினமும் இலையால புதுசா கட்டுறாங்க, மூக்குக்கு மாதுளம்பூ. ஆண்டாள் சூடிய மாலை இங்கிருந்துதான் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது.

வெளியே வந்தா பால்கோவா. பாலும் சீனியும் மட்டும்தான். அடிப்பிடிக்காம கிண்டிக்கிட்டே இருக்கணும், தண்ணீர் வற்ற வற்றத் திரண்டு வரும். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனா பாக்கெட்டில் பேரைப் பார்த்து வாங்காதீங்க. அடுப்பு எரியுற கடையில் சூடா 50 கிராம் கேளுங்க. மாவு கலந்திருந்தா நாக்கே சொல்லிரும்.

பென்னிங்டன் நூலகம் 1875-ல் தொடங்கியது. பால்கோவாவுக்கு நிற்கிற கூட்டத்தில் பாதியாவது அங்கே போகலாம்.

நேரம் இருந்தா செண்பகத்தோப்பு. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது, 2021-ல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. வனத்துறை அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகணும். இந்த அணில் வாலோட பார்த்தா பூனை நீளம் இருக்கும். தரைக்கு அதிகம் இறங்காது, மரத்துக்கு மரம் தாவியே போகும். நடுவுல நாலு மரத்தை வெட்டினா அதுக்குப் பாதையே அறுந்துபோகும். பாலித்தீன் பையை வீட்டிலேயே வச்சிட்டுப் போங்க. வெயில் ஏறும் முன்னாடி போனாத்தான் கண்ணில் படும்.