வேனிற்காலப் பந்தாட்ட அணிகள்

ஒரே சொல் இரு நாடுகளில் இரு பொருள் தருமாயின் மயக்கம் விளைதல் இயல்பு. 'புட்போல்' என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. நம் நாட்டிலே அது உதைபந்தாட்டத்தைக் குறிக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ, முனை கூர்ந்த நீள்வட்டப் பந்தொன்றைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகின்ற வேறோர் ஆட்டத்துக்கு அதுவே பெயர். ஸ்கந்தபுரத்திலே யான் கற்பிக்கும் வகுப்பு மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியில் அவ்வாட்டத்தைக் கண்டுவிட்டு வந்து, "காலால உதைக்காத விளையாட்டுக்கு ஏன் சேர் இந்தப் பேர்?" என்று வினவினான். அதற்கு விடை கூறுதல் எளிது. அடுத்து அவன் வினவியது அத்துணை எளிதன்று. "எங்கட நாட்டிலயும் இதுக்குச் சம்பளம் குடுத்து ஒரு ரீம் வைச்சிருந்தவையாம், உண்மையோ சேர்?" என்றான். உண்மையே. கொழும்பு லயன்ஸ் என்னும் அவ்வணியைப் பற்றியும், அதற்கு உறவினவாய் அமெரிக்காவில் இளவேனிற் காலத்தில் ஆடிவரும் அணிகளைப் பற்றியும் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிலே ஆட்டத்தின் இயல்பை அறிதல் வேண்டும். 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி ரட்கேர்ஸ், பிரின்ஸ்ரன் என்னும் இரு கல்லூரிகள் ஆடிய ஆட்டத்தையே அமெரிக்கர் தம் பந்தாட்டத்தின் தொடக்கமாகக் கொள்வர். அன்று அவர்கள் ஆடியது நமது உதைபந்தாட்டத்தையே பெரிதும் ஒத்திருந்தது. பின்னர் றக்பியின் சாயல் வந்து கலந்தது. ஆட்டம் மாறிற்று, பெயர் மாறவில்லை. மாணவனின் முதல் வினாவுக்கு இதுவே விடை. இன்றைய வடிவத்துக்கு அடிகோலியவர் யேல் கல்லூரியைச் சேர்ந்த வோல்ரர் காம்ப் என்பவர். இரு பக்கத்தாரும் ஒரு கோட்டின் இருமருங்கும் எதிரெதிர் நின்று தொடங்கும் முறை 1880இலும், இத்தனை முயற்சிக்குள் இத்தனை யார் முன்னேறல் வேண்டும் என்னும் விதி 1882இலும் அவரால் வந்தன. பந்தை முன்னோக்கி எறிதல் 1906இல் அனுமதிக்கப்பட்டது.

கிளித்தட்டு ஆடியறிந்த நம்மவர்க்கு இவ்வாட்டத்தின் உட்கருத்து விளங்காமற் போகாது. கிளித்தட்டிலே கோடுதோறும் காவலன் நிற்க, மற்றைப் பக்கத்தார் அவன் கைக்குத் தப்பி ஒவ்வொரு கோடாகக் கடந்து செல்வர். கடந்த கோடெல்லாம் வென்ற நிலம். அமெரிக்கப் பந்தாட்டமும் நிலம் வெல்லும் ஆட்டமே. ஆடுகளம் நூறு யார் நீளமுடையது, பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தார்க்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்நான்கினுள் பத்து யாரேனும் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிட்டும். தவறினால் பந்து எதிர்ப்பக்கத்தாருக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் ஆறு புள்ளி. கம்பங்களினிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் மூன்று. கிளித்தட்டில் தொட்டாற் போதும். இங்கே தழுவி வீழ்த்துதல் வேண்டும். ஆதலினாலேயே தலைக்கவசமும் தோட்காப்பும் இன்றி எவரும் களம் இறங்குவதில்லை. ஐம்பது பேருக்கு இக்கவசங்களை வாங்குதற்கே பெரும்பணம் தேவை என்பதைப் பின்வருவனவற்றைப் படிக்கையில் மனத்திற் கொள்க.

இனிக் கொழும்புக்கு வருவாம். 2011ஆம் ஆண்டு 'எலீற் புட்போல் லீக் ஒவ் இந்தியா' என்னும் அமைப்பொன்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவிற் புகழ்பெற்ற பயிற்றுநர் மைக் டிற்கா, ஆட்ட வீரர் கேர்ட் வோர்ணர், திரைப்பட நடிகர் மார்க் வால்பேர்க் முதலியோர் அதற்கு முதலிட்டோர் வரிசையில் இருந்தனர். கிரிக்கெட் ஒன்றையே பெரிதாய் மதிக்கும் ஒரு பெருநிலத்திலே புதிய ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சி வழியே பரப்பிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. 2012இல் முதற்பருவம் நடந்தது. புனே, டெல்லி, மும்பை, கல்கத்தா முதலிய நகரங்களின் பெயரால் அணிகள் அமைந்தன. இலங்கையின் பெயர் சொல்லக் கொழும்பு லயன்ஸ் அமைந்தது. வீரருட் பலர் றக்பியிலும் மெய்வல்லுநர் போட்டிகளிலும் பழகியவர்கள். அம்முனை கூர்ந்த பந்தை அதற்குமுன் தொட்டே அறியாதவர்கள். கொழும்பு மாநகர முதல்வராய் இருந்த வி. ஏ. சுகததாசவின் பெயர் தாங்கிய அரங்கிலே அப்பருவத்து ஆட்டங்கள் ஆடப்பெற்றன. இறுதியாட்டத்திலே புனே மராத்தாஸ் அணி டெல்லி டிபெண்டர்ஸ் அணியை 6க்கு 0 என்னும் புள்ளிக் கணக்கில் வென்றது.

இப்புள்ளிக் கணக்கு சிந்திக்கத்தக்கது. 2025ஆம் ஆண்டு அமெரிக்க வேனிற்கால லீக்கின் இறுதியாட்டத்திலே வாஷிங்ரன் நகரத்து அணி மிச்சிகன் அணியை 58க்கு 34 என வென்றது. (அவ்வாஷிங்ரன் அணிக்கும் டிபெண்டர்ஸ் என்றே பெயர், பெயர் ஒற்றுமை தற்செயலானது.) ஒன்றில் மொத்தம் ஆறு புள்ளி, மற்றையதில் தொண்ணூற்றிரண்டு. உடல் வலியும் துணிவும் உள்ளவன் எதிரியை மறித்து வீழ்த்துதலைச் சில திங்களிற் கற்றுவிடுவான். நாற்பது யார் அப்பால் ஓடுகின்ற தோழனின் கையிற் சென்று விழுமாறு பந்தை எறிதற்கோ, பள்ளிப் பருவந்தொட்டுப் பழகிய கை வேண்டும். ஆதலின் புதிதாய்க் கற்ற இடத்திலே தடுப்பு மேலோங்கித் தாக்குதல் தாழ்ந்து நிற்றல் எதிர்பார்க்கத் தக்கதே. இதனை அவ்வீரரின் குறையாகக் கொள்ளுதல் நியாயமன்று.

குறை வேறிடத்திலே இருந்தது. புனே அணி புனேயின் மக்கள் முன்னிலையில் அன்றிக் கொழும்பிலே ஆடிற்று. கல்கத்தா அணியும் அவ்வாறே. ஊர்ப்பெயர் சட்டையில் இருந்தது. ஊரார் அரங்கில் இல்லை. பார்வையாளர் தொலைக்காட்சிக்கு அப்பால் இருப்பர் என்று எண்ணப்பட்டனர். வன்னியில் நமது விளையாட்டுக் கழகம் ஒன்று அயற்கிராமத்துக்கு ஆடப் போகுமாயின் உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஆட்கள் ஏறுவர். தோற்றுத் திரும்பினால் குளக்கட்டு வரையும் வசவு கேட்கும். 2008இல் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டுவந்து கூரைத்தகடு போடுமுன்னரே மைதானத்துப் பற்றையை வெட்டியவர்களை யான் அறிவேன். அணி என்பது அவர்கள் உடைமை. கொழும்பு லயன்ஸ் அணியைத் தன் உடைமை என்று சொல்ல எவருக்கும் காலம் கிடைக்கவில்லை. முதற்பருவத்தின் பின் அவ்வமைப்பு நிலைபெறவில்லை.

இனி, இக்குறை செல்வமும் பழக்கமும் மிக்க அமெரிக்காவிலும் உண்டோ என்று நோக்குவாம். அங்கே இலையுதிர் காலம் முழுவதும் இவ்வாட்டத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது போன்றது. வெள்ளி இரவு பாடசாலைகள் ஆடும். சனிக்கிழமை சர்வகலாசாலைகள் ஆடும். ஞாயிறு பேரமைப்பாகிய தேசிய லீக் ஆடும். புதிதாய் வருவோர்க்கு இடமில்லை. வெறுமையாய்க் கிடப்பது வேனிற்காலம் ஒன்றே. ஆண்டு முழுவதும் இவ்வாட்டத்தைக் காண விரும்புவோர் பலர் இருத்தல் வேண்டும் என்று கருதி, வேனிற்கால லீக்குகளை மீண்டும் மீண்டும் தோற்றுவித்து வந்துள்ளனர்.

அவற்றுள் நினைக்கத்தக்கது 1983இல் பன்னிரண்டு அணிகளோடு தொடங்கிய ஐக்கிய அமெரிக்க லீக். புளோரிடா மாநிலத்து ராம்பா நகரிலே பண்டிற்ஸ் என்னும் அணி அதில் ஆடிற்று. ஸ்ரீவ் ஸ்பரியர் என்னும் பயிற்றுநர் பந்தை வானத்திலேயே வைத்திருக்கும் எறிதல் ஆட்டத்தை ஆடுவித்தார், மக்கள் திரண்டனர். உரிமையாளர் ஜோன் பசெற், வேனிலிலேயே இருப்போம், மெல்ல வளர்வோம் என்று வற்புறுத்தினார். மற்றையோர் கேட்டிலர். அடுத்த ஆண்டே அணிகள் பதினெட்டாயின. நியூ ஜேர்சி அணியின் உரிமையாளராய் இருந்த டொனால்ட் ட்ரம்ப் முதலியோர், இலையுதிர் காலத்துக்கு மாறித் தேசிய லீக்கோடு நேருக்கு நேர் மோதுவோம் என்றனர். அவர்கள் கட்சியே வென்றது. தேசிய லீக்கின்மேல் வழக்கும் தொடுத்தனர். 1986 ஜூலையிலே நடுவர் குழு, தேசிய லீக் தவறிழைத்தது உண்மை எனத் தீர்ப்பளித்து, நட்டஈடாக ஒரு டொலர் கொடுக்குமாறு கூறிற்று! சட்டப்படி அது மும்மடங்காகி மூன்று டொலர் ஆனது. பின்னர் வட்டியும் சேர்த்து மூன்று டொலர் எழுபத்தாறு சதத்துக்குக் காசோலை வந்தது. அந்த லீக் அதன்பின் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. பண்டிற்ஸ் அணியை ராம்பா மக்கள் கைவிடவில்லை. அவர்களைக் கேளாமலே அது முடிக்கப்பட்டது.

அதே ஸ்பரியர், முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின், 2019இல் மற்றுமொரு வேனிற்கால லீக்கிலே ஒர்லாண்டோ அப்போலோஸ் அணிக்குப் பயிற்றுநரானார். புளோரிடாச் சட்டம் தொழில்முறை விளையாட்டு வீரரை வேலைவிபத்து நட்டஈட்டிலிருந்து விலக்கியிருந்தமையால், அவ்வீரர் எல்லை கடந்து ஜோர்ஜியா மாநிலத்துக்குச் சென்று பயிற்சி செய்தனர். காயமுற்றாற் பிழைப்பதற்கு ஒரு வழி வேண்டுமல்லவா? எட்டு ஆட்டங்களில் ஏழை வென்று அவ்வணி முதலிடத்தில் நின்றது. ஏப்ரல் 2ஆம் திகதி, பருவம் முடிய இரு வாரம் இருக்கையிலே, பணம் தந்தவர் கையை இழுத்துக்கொள்ள லீக் நிறுத்தப்பட்டது. வெற்றிக் கிண்ணம் எவருக்கும் இல்லை. வீரர் சிலர் வீடு திரும்பத் தம் கைப்பணத்தையே செலவிட நேர்ந்தது. இதனை வகுப்பிலே கூறியபோது, ஏழு வெற்றிகளைப் பற்றி எவனும் கேட்கவில்லை. அந்தப் பயணச் செலவைப் பற்றியே எல்லோரும் கேட்டனர். வெளிநாட்டு முகவரை நம்பிக் கடன்பட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

அவ்வாறாயின் வீரர் ஏன் மீண்டும் மீண்டும் இவற்றை நாடுகின்றனர்? முற்கூறிய கேர்ட் வோர்ணரின் வரலாறு இதற்கு விடை தரும். 1994இல் தேசிய லீக் அணியொன்று அவரைப் பயிற்சி முகாமிலேயே விலக்கியது. ஐயோவா மாநிலத்துப் பலசரக்குக் கடையொன்றிலே இரவில் தட்டுகளில் பொருள் அடுக்கிப் பிழைத்தார். உள்ளரங்கிலே ஆடும் சிறு லீக் ஒன்றில் மூன்றாண்டு ஆடினார். 1998இல் தேசிய லீக் ஐரோப்பாவிலே நடத்திய வேனிற்காலப் போட்டியில் அம்ஸ்ரடாம் அணிக்கு ஆடினார். 2000 ஜனவரியிலே சென் லூயிஸ் அணியை அமெரிக்காவின் மாபெரும் இறுதியாட்டத்தில் வெற்றிக்கு நடத்தியவரும் அவரே. வெளிவாரி மாணவனாய் இருந்து பட்டம் பெற்றவன் யான். விரிவுரை மண்டபம் காணாது, இரவல் குறிப்புகளோடு, பரீட்சை மண்டபத்தில் மட்டும் பல்கலைக்கழகத்தைக் கண்டவன். ஆகலின் புறவாயிலால் நுழைந்தோர்மேல் எனக்குச் சற்றுப் பட்சபாதம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆயினும் வோர்ணர் ஒருவரைக் காட்டி, பெயர் அறியப்படாது திரும்பிய பல நூற்றுவரை மறைத்தல் ஆகாது.

இத்தனைக்குப் பின்னரும் நிலைத்து நின்ற அணி ஒன்றைக் கூறல் வேண்டும். அது அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் ஸ்ராலியன்ஸ். 1983 தொடக்கம் 1985 வரை ஆடி மறைந்த பழைய அணியின் பெயரோடு 2022இல் புதிய லீக் ஒன்றிலே தோன்றியது. செலவைக் குறைத்தற்பொருட்டு அவ்வாண்டு எட்டு அணிகளின் வழக்கமான ஆட்டங்கள் அனைத்தும் பேர்மிங்ஹாமிலேயே நடந்தன. கொழும்பிலே நடந்த அதே ஏற்பாடு. ஏழு அணிகள் அயலூரிலே ஆட, ஸ்ராலியன்ஸ் மட்டும் தன் வீட்டு முற்றத்தில் ஆடிற்று. அவ்வாண்டும் அடுத்த இரு ஆண்டுகளும் அதுவே வாகை சூடியது; 2024இல் இறுதியாட்டம் 25க்கு 0. திறமான பயிற்றுநரும் வீரரும் இருந்தமை மெய்யே. எனினும் முதலாண்டிலே ஊரார் ஆரவாரம் கேட்டு ஆடிய ஒரே அணி அது என்பதை யான் சிறிதாய் எண்ணவில்லை. 2024இல் இரு வேனிற்கால லீக்குகள் ஒன்றாய் இணைந்தபின், அணிகள் தத்தம் ஊரிலே போட்டி ஆடின. பயிற்சியோ எல்லாவற்றுக்கும் ரெக்ஸஸ் மாநிலத்திலே நடந்தது. பாதி ஊர், பாதி விடுதி.

வினவிய மாணவனும் அவன் கூட்டாளிகளும் இப்போது மாலையிலே மைதானத்து மூலையிற் சாம்பலாற் கோடிட்டு இவ்வாட்டத்தை ஆடிப் பார்க்கின்றனர். நீள்வட்டப் பந்து இல்லை. பழைய கரப்பந்து ஒன்றைச் சற்றுக் காற்றிறக்கி வைத்திருக்கின்றனர். பத்து யாருக்குப் பதிலாகப் பத்துக் கவடு. எவருடைய கவடு என்பதிலே தினமும் வழக்கு. முட்டி வீழ்த்துதலை யான் தடுத்துவிட்டமையால், தொட்டால் நின்றுவிட வேண்டும் என்னும் விதியைக் கிளித்தட்டிலிருந்து எடுத்துக்கொண்டனர்.