தன் நலம் தன் கையில்

நீரிழிவு முதியோரை மட்டுமே பற்றும் நோயன்று. கணையம் இன்சுலினைச் சுரக்காமற் போவதால் உண்டாகும் முதல் வகை நீரிழிவு, இளஞ்சிறாரையும் பற்றும். முற்காலத்தில் அச்சிறார் நெடுநாள் உயிர் வாழ்ந்ததில்லை. 1922ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கனடா நாட்டின் டொராண்டோ நகரில், லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி இடப்பட்டது. அதன்பின் இந்நோயுற்ற பிள்ளைகளும் வளர்ந்து ஆளாயினர்.

வளர்ந்தபின் அவர்கள் குழந்தை மருத்துவரை விட்டுப் பெரியோர்க்குரிய மருத்துவரை நாட வேண்டும். அங்கே அன்னை முன்னின்று விடை கூறாள். நோயுற்றவரே தம் நிலையை எடுத்துரைத்தல் வேண்டும். பழகாதவர் திகைப்பர், சிலர் மருத்துவமனைக்குச் செல்வதையே விட்டுவிடுவர். இன்சுலின் தடைப்படின் குருதியில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஊறு நேரும்.

ஆதலின், 12 வயதளவிலேயே பயிற்சியைத் தொடங்குதல் நன்று. தாய் அருகிருக்கப் பிள்ளை முதலில் குருதியிலுள்ள சர்க்கரையை அளந்து குறிக்கட்டும். பின்னர் ஊசியைத் தானே இட்டுக்கொள்ளட்டும். அடுத்து, மருத்துவரின் வினாக்களுக்குத் தானே விடையிறுக்கட்டும். பழைய மருத்துவரும் நோயின் வரலாற்றை எழுதிப் புதியவருக்கு அனுப்புதல் வேண்டும்.

நீந்தக் கற்பிப்போர் பிள்ளையின் கையைத் திடீரென விடுவதில்லை. சிறிது சிறிதாகவே விடுவர். பெற்றோரின் கடமையும் அத்தகையதே.