மூடுபனி நடத்தும் போட்டோ பாடம்!

குழந்தைகளே! ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறினால், சேர்வராயன் மலை மீது, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். ஏரியும் காடும் சேர்ந்துதான் 'ஏற்காடு' ஆனது என்பார்கள்.

அங்கே மூடுபனி இறங்கிய நேரத்தில் ஏரிக்கரையில் எடுத்த போட்டோவையும், சேலத்தில் நண்பகல் வெயிலில் எடுத்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெயில் படத்தில் கண்ணுக்குக் கீழே கருப்பு. மூக்குக்குக் கீழே மீசை வைத்தது போல நிழல்! மலைப் படத்திலோ, அதே முகம் பூப்போல மென்மையாக இருக்கும். ஆளும் அதே ஆள், சட்டையும் அதே சட்டை. பிறகு எப்படி இந்த மாற்றம்?

வானமே விளக்கு!

வெயில் நேரத்தில் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருகிறது. மூக்கு அதை மறைத்தால், மறுபக்கம் கறுத்த நிழல் விழும். முகத்தில் உள்ள சின்னப் பருவுக்கும் சின்ன நிழல் உண்டு. அதனால்தான் பரு பெரிதாகத் தெரிகிறது.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய நீர்த்துளிகள். ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அப்போது வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிவிடும். மேலிருந்தும், இடமிருந்தும், வலமிருந்தும் வெளிச்சம் வருவதால், ஒரு பக்கத்து நிழலை மறுபக்கத்து வெளிச்சம் நிரப்பிவிடுகிறது. பரு போய்விடவில்லை, அதன் நிழல்தான் போய்விட்டது!

வீட்டிலேயே செய்து பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் உங்கள் கையின் நிழலைச் சுவரில் விழ வையுங்கள். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். இப்போது டார்ச்சுக்கும் கைக்கும் நடுவே வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நிழலின் ஓரம் கரைந்து போகும். போட்டோ ஸ்டூடியோவில் விளக்கோடு வெள்ளைக் குடை வைத்திருப்பார்களே, அது மழைக்கு அல்ல! இந்த வேட்டி வேலையைச் செய்வதற்குத்தான்.

பெயரிலேயே கேமரா!

மென்மையான படங்களுக்குப் பெயர் பெற்ற ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863-ம் ஆண்டு, மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகத் தந்தார்கள். அதன் பிறகுதான் அவர் போட்டோ கலையில் இறங்கினார்.

அவர் வேண்டுமென்றே படத்தைச் சற்று மங்கலாக எடுப்பார். 'இவருக்குக் கேமராவைச் சரியாகத் திருப்பத் தெரியவில்லை' என்று அந்தக் காலத்துப் போட்டோ நிபுணர்கள் குறை சொன்னார்கள். அவர் கவலைப்படவில்லை.

1867-ல் அவர் எடுத்த விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலின் படம் உலகப் புகழ் பெற்றது. பஞ்சுபோலக் கலைந்த நரைமுடி, மென்மையான வெளிச்சம். ஆனால், 75 வயது முகத்தின் ஒரு சுருக்கம்கூட மறைக்கப்படவில்லை! மென்மை வேறு, மறைப்பது வேறு என்பதை அந்தப் படம் காட்டுகிறது.

ஏற்காடு போலவே இலங்கை மலைகளிலும் அப்போது காபித் தோட்டங்கள் இருந்தன. கேமரன் குடும்பத்துக்கும் அங்கே தோட்டம் இருந்ததால், 1875-ல் இலங்கைக்குக் குடிபோனார்கள். 1879-ல் இறந்த அவரது கல்லறை, மலையகத்தில் பொகவந்தலாவையில் இருக்கிறது.

பென்சிலால் ஒரு 'டச்சிங்'

உங்கள் தாத்தா, பாட்டியின் கல்யாணப் படத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருவர் முகமும் வழுவழுவென்று இருக்கிறதா? அது ஸ்டூடியோக்காரரின் கைவேலையாக இருக்கலாம்.

அந்தக் காலத்து நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். படத்தில் கறுப்பாக வருவது, நெகட்டிவில் வெளிறித் தெரியும். முகத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தால் நெகட்டிவில் அந்த இடம் வெளிறியிருக்கும். ஊசிபோலச் சீவிய பென்சிலால் அந்த இடத்தை மெல்ல மெல்லத் தீட்டுவார்கள். பிறகு படம் போட்டால், புள்ளி மறைந்திருக்கும்! இதற்கு 'டச்சிங்' என்று பெயர். கொஞ்சம் அதிகமாகத் தீட்டினால் முகம் பொம்மை முகமாகிவிடும். கண்ணும் கையும் நிதானமாக இருக்க வேண்டிய வேலை.

செல்போன் போடும் கணக்கு

இன்று அதே வேலையைச் செல்போன் ஒரு நொடியில் செய்கிறது. எப்படி? நீங்கள் பள்ளியில் படித்த சராசரிக் கணக்குதான்!

டிஜிட்டல் படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255. கன்னத்தில் ஒன்பது புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். எட்டுப் புள்ளிகள் 180. நடுவில் உள்ள ஒன்று பருவின் தழும்பு, அது மட்டும் 135.

எட்டு முறை 180 என்றால் 1,440. அதோடு 135 சேர்த்தால் 1,575. ஒன்பதால் வகுத்தால் 175. நடுப்புள்ளிக்கு 135-க்குப் பதில் 175 என்று போட்டுவிடுகிறது கணக்கு. முன்பு 45 இருந்த வித்தியாசம் இப்போது வெறும் 5! தழும்பு காணாமல் போயிற்று.

இப்படியே முகம் முழுவதும் செய்தால் கண் இமையும் புருவமும் குழம்பிவிடும் அல்லவா? அதனால், வித்தியாசம் குறைவாக உள்ள இடங்களை மட்டும் சராசரியாக்கி, வித்தியாசம் அதிகமாக உள்ள ஓரங்களை விட்டுவிடும் கணக்குகளையும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதில் கவனியுங்கள்: மூடுபனி நிழலைத்தான் குறைத்தது. கணக்கோ முகத்தில் உள்ளதையே அழிக்கிறது.

உங்கள் அடையாளம் எங்கே?

பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்று ஓர் இடம் உண்டு. 'வலது கன்னத்தில் மச்சம்', 'இடது புருவத்தில் தழும்பு' என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன். மச்சமும் தழும்பும் குறையல்ல. 'இது நான்தான்' என்று சொல்லும் முத்திரை. அதனால்தான் பாஸ்போர்ட் படத்தைச் செயலியால் திருத்தக் கூடாது என்று அமெரிக்கா போன்ற நாடுகள் விதி வைத்திருக்கின்றன.

சில செயலிகள் இதோடு நிற்பதில்லை. கண்ணைப் பெரிதாக்கும், தாடையை ஒடுக்கும், நிறத்தையும் வெளுக்கும். கறுப்பாக இருப்பது தவறு என்று அந்தச் செயலிக்கு யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் அதை நம்ப வேண்டாம்! தினமும் அந்த முகத்தையே பார்த்துப் பழகினால், கண்ணாடியில் தெரியும் சொந்த முகம் பிடிக்காமல் போய்விடும். விளம்பரத்தில் உடலையோ தோலையோ திருத்திய படம் போட்டால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று நார்வே நாடு 2021-ல் சட்டமே இயற்றியது. அது 2022-ல் நடைமுறைக்கு வந்தது.

நீங்களும் எடுக்கலாம்!

* உச்சி வெயிலைத் தவிர்த்து, திண்ணை நிழலிலோ ஜன்னல் அருகிலோ நிறுத்தி எடுங்கள். மூடுபனி இல்லாத ஊரிலும் மென்மை வரும்.
* முகத்துக்கு எதிரே வெள்ளைத் துணியோ அட்டையோ பிடித்தால் நிழல் குறையும்.
* திருத்துவதானால் அசல் படத்தை அழிக்காதீர்கள். பிரதி எடுத்துத் திருத்துங்கள்.
* நாளையே மறையும் பருவைக் குறைக்கலாம். மச்சம், தழும்பு, நிறத்தில் கை வைக்காதீர்கள்.
* நண்பர்களின் முகத்தை அவர்களைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

அடுத்த முறை போட்டோ எடுக்கும்போது, திருத்தும் செயலியைத் தேடுவதற்கு முன் நல்ல வெளிச்சத்தைத் தேடுங்கள். வெளிச்சம் சரியாக இருந்தால், உங்கள் முகமே போதும் கண்ணுகளா!